எழுந்து போன பேரம்

பொத்தான் கடையில் முதலில் சொல்லும் விலை, வாசலில் வைக்கும் வணக்கம் மாதிரி. சொல்பவருக்கும் அது நிஜமில்லை என்று தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அதை அப்படியே நம்பிப் பையைத் திறக்கிற ஆளை இரண்டு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து பரிதாபமாகப் பார்ப்பார்கள். விலை காதில் விழுந்ததும் முகத்தைச் சுளிக்க வேண்டும். பிறகு சரக்கில் ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் எழுந்து நடக்க வேண்டும். விறுவிறு என்று நடந்துவிடக் கூடாது. செருப்பை ஒரு தரம் சரிசெய்துகொண்டு, எதிர்க் கடையை ஒரு பார்வை பார்த்து, காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு நடக்க வேண்டும். நம்மிடம் அவர்களுக்குக் காரியம் இருந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிடவில்லையென்றால் காரியம் ஒன்றுமில்லை என்று அர்த்தம். கடைக்காரப் பெரியவர் பிறந்து வளர்ந்தது இந்தப் படிப்பில்தான்.

கடை அகலமில்லாமல் நீளமாகப் போகும். இரண்டு பக்கச் சுவரிலும் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். பெட்டி ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கிற பொத்தானில் ஒன்றை நூல் போட்டுத் தைத்திருப்பார்கள். பேரெழுதிய சீட்டெல்லாம் கிடையாது. மாதிரியைப் பார்த்தால் உள்ளே இருக்கிற சரக்கு தெரிந்துவிடும். அந்த மாதிரிகளைத் தைத்தது பெரியவரின் மனைவி. பெரியவள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பின்னால் ஒரு மூலையில் ஊசியோடு உட்கார்ந்துவிடுவாள்.

அவளுடைய தங்கை சின்னவள். தங்கை புருஷன் சின்னவர். அக்காவைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவரும் சேர்ந்து நடத்திய கடை அது. சகலைகள் இருவரும் கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போவதுபோல இருக்கும், வெட்டுகிற நேரத்தில் கூடிவிடும்.

பெரியவருடைய முதலீடே அவர் தொண்டைதான். கல்லாவில் உட்கார்ந்தபடி, பின்கோடியில் ஏணிமேல் நிற்கிற ஆளுக்கு, “மேல் வரிசை, கொம்புப் பொத்தான், நாலு ஓட்டை” என்று ஒரு குரல் விட்டால் தெருக்கோடித் தையல்காரர் நிமிர்ந்து பார்ப்பார். அந்த வாயில் அதிகம் புழங்கிய சொல் ‘கட்டாது’. வாங்கும்போதும் கட்டாது, விற்கும்போதும் கட்டாது. அந்த ஒரு சொல்லை அவர் சொல்கிற விதத்தில் சரக்குக்காரன் பாதி இறங்கிவிடுவான். மீதிப் பாதிக்கு அவர் வாயே திறக்க மாட்டார்.

“வெலையச் சொன்னப்பறம் வாய மூடிக்கடா,” என்று சின்னவருக்கு எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். “மொதல்ல எவன் பேசறானோ அவன் எறங்கிட்டான்.”

சின்னவருக்கு அது மட்டும் வரவே இல்லை. எதிராளி கொஞ்சம் சும்மா இருந்தால் போதும், அவருக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறும். “அண்ணாச்சி ரொம்ப யோசிக்கிறீங்க, சரி, உங்களுக்காகக் கொறச்சுக்கறேன்,” என்று தானே தன் காலை வாரிக்கொள்வார். ஒருமுறை ஜிப்பு மொத்தமாக வாங்க வந்த ஒருவர் வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. அவர் மென்று முடிப்பதற்குள் சின்னவர் அசலுக்கே கொடுத்துவிட்டார். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரு “சந்தோஷம்” வேறு. பேரம் படிந்தாலும் சந்தோஷம், படியாவிட்டாலும் சந்தோஷம். இழவு வீட்டிலும் ஒருமுறை வாய் தவறிச் சொல்லி, சின்னவளிடம் கிள்ளு வாங்கியிருக்கிறார்.

அந்த வருஷம் பெரியவர் தொண்டை கரகரத்தது. சளி என்றார். சளி போயிற்று, கரகரப்பு போகவில்லை.

“என்னண்ணே, கோணிச் சாக்கு கிழியற மாதிரி பேசறீங்க?” என்றார் சின்னவர்.

“ஒன்ன மாதிரி ஆளுகளோட கத்திக் கத்தித்தான்.”

பெரியவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். பக்கத்துத் திரையில் பெரியவரின் தொண்டை தெரிந்தது. ஈரமான இரண்டு வெள்ளை நாடாக்கள் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. இடது நாடாவில் மட்டும் பயறளவுக்குச் சொரசொரப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியவளுக்கு மட்டமான லேஸில் விழுந்த முடிச்சுபோலப் பட்டது. மயக்கம் கொடுத்து அதில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

“புற்றுநோய்தான்,” என்றார் டாக்டரம்மா, முடிவு வந்த அன்றைக்கு. “பயப்படாதீங்க. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. குரல் நாண்ல மட்டுந்தான் இருக்கு. கதிர் வைத்தியம் போதும். குரலும் இருக்கும், நீங்களும் இருப்பீங்க. ஆறு வாரம் வரணும்.”

பெரியவர் முகத்தைச் சுளித்தார். அது நோயைக் கேட்டுச் சுளித்த முகம் இல்லை. பெரியவளுக்கு அந்தச் சுளிப்பைத் தெரியும்.

“ஆறு வாரமா? அவ்வளவு எதுக்கும்மா? சின்னதுதானேன்னு நீங்களே சொல்றீங்க.”

“சின்னதா இருக்கறதாலதான் ஆறு வாரத்துல முடியுது.”

“பள்ளிக்கூடம் திறக்கற சீசன் வருது. சீருடைக்குப் பொத்தான் வாங்க ஊரே எங்க கடையிலதான் நிக்கும். மூணு வாரமா பண்ணிக் குடுங்க.”

“முடியாதுங்க.”

“சரி, நாலு. உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “ஐயா, இது நான் சொல்ற கணக்கு இல்ல. அது சொல்ற கணக்கு.”

“கட்டாதும்மா,” என்று பெரியவர் எழுந்தார்.

வராந்தாவில் லிஃப்டுக்கு முன்னால் நின்று செருப்பைச் சரிசெய்தார். லிஃப்ட் வந்தது, போனது. மறுபடியும் குனிந்து இன்னொரு செருப்பைச் சரிசெய்தார்.

“ஏங்க, இது ஆஸ்பத்திரிங்க,” என்றாள் பெரியவள்.

“எல்லா எடமும் ஒண்ணுதான். அந்தம்மாவுக்கும் ஒரு எறக்கம் இருக்கும். நம்பர் குடுத்திருக்கேன்ல. கூப்பிடுவாங்க.”

அவர் கொடுத்திருந்தது கடை நம்பர். வேறு நம்பர் என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில் கிடையாது.

கூப்பிடவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. பெரியவள் சாப்பாடு போடும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள். நாமே போகலாம் என்றாள். நாமே போனால் நம் கை தாழ்ந்துவிடும் என்றார் அவர். சின்னவர் ஒருநாள் கடையிலேயே வைத்து முடிவு சொன்னார்.

“அண்ணி, நான் ஒண்ணு கேக்கறேன். நெசமாவே பெரிய வியாதியா இருந்தா, வந்த ஆள எந்த டாக்டராவது கோட்டை விடுவாங்களா? தேடி வந்து இழுத்துக்கிட்டுப் போக மாட்டாங்களா? கூப்பிடலைன்னா ஒண்ணும் இல்லைன்னுதான் அர்த்தம். தேன்ல மெளகு போட்டு முழுங்குங்கண்ணே. சீசன் முடியட்டும், பாத்துக்கலாம். சந்தோஷம்.”

சீசன் வந்தது. வெள்ளைப் பொத்தான், நீலப் பொத்தான் என்று மூட்டை மூட்டையாகப் போயிற்று. பெரியவர் தேனையும் மிளகையும் விழுங்கிக்கொண்டு சைகையால் கடை நடத்தினார். ஏணிக்காரரைக் கூவுகிற வேலை சின்னவருக்கு வந்தது. அவர் கூவியதில் பாதிப் பெட்டி தப்பாக இறங்கினாலும் அந்த முகத்தில் ஒரு புது மினுமினுப்பு இருந்தது. பெரியவள் அதைப் பார்த்தாள். அப்போது அதை ஒன்றோடும் சேர்த்துத் தைக்கவில்லை.

சீசன் முடிகிற நேரத்தில் பெரியவர் வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு விசில் அடித்தது. காதுக்குள் குத்தல். துப்பினால் சிவப்பு.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுக்க உள்ளே அழைத்துக்கொண்டு போனதும், பெரியவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். காத்திருக்கிற இடத்தில் மனிதர்கள் சந்தையில் மாதிரிதான் பேசிக்கொள்கிறார்கள், சரக்குதான் வேறு.

“எனக்குக் கழுத்துல. தைராய்டு,” என்றார் ஒரு டாக்சி டிரைவர். “கட்டிகள்லயே இது சாதுவாம். எடுத்துட்டு, ஒரு மருந்து குடிக்கச் சொல்லி, தனி ரூம்ல போட்டாங்க. என் சம்சாரம் இதுக்கு முன்னாலயே என்னை அப்படித்தான் வெச்சிருந்தா.”

“எனக்கு மார்ல,” என்றாள் பக்கத்திலிருந்த டீச்சர். தலையில் துணி சுற்றியிருந்தாள். “மார்ல வர்றதுலயே நாலஞ்சு தினுசு இருக்காம். எனக்கு வந்தது மாத்திரைக்குக் கேக்கற தினுசு. எங்கூடவே ஊசி போட்டுக்கிட்ட பொண்ணுக்கு அது கேக்கல, வேற மருந்து.”

கோடியில் இருந்த ஒரு அம்மாள், கர்ப்பப்பையில் இருந்தது வெறும் சதைக் கட்டி, ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டதாக, ஏதோ தப்புச் செய்தவள்போலத் தணிந்த குரலில் சொன்னாள். எல்லோரும் அவளைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தார்கள்.

பெரியவளுக்குக் கடைப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அட்டைதான். ஒரு துணுக்கை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன சரக்கு என்று தெரிகிறது. பெரியவருக்கும் அப்படி எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் அவர் எழுந்து வந்தார்.

அப்போதுதான் ஒரு நர்ஸ் வந்தாள். டாக்டரம்மாவுக்கு வருகிறவர்களை அழைத்து நாள் குறிக்கிறவள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, போன தடவை ஏன் அப்படியே போயிட்டீங்க? நாங்கதான் கூப்பிட்டோமே.”

“யாரைக் கூப்பிட்டீங்க?”

“நீங்க குடுத்த நம்பருக்குத்தான், கடைக்கு. டாக்டரம்மாவே பக்கத்துல நின்னு கூப்பிடச் சொன்னாங்க.”

“யார் எடுத்தாங்க?”

“ஒரு ஆளு. தன்மையாத்தான் பேசினார். அண்ணன் வேற எடத்துல வைத்தியம் பாத்துக்கறாரு, இனிமே சிரமப்படாதீங்க தங்கச்சின்னார். மறு வாரம் திரும்பக் கூப்பிட்டப்பவும் அவரேதான். வைக்கறப்ப சந்தோஷம்னு வேற சொன்னாரு. வியாதிக்காரர் வீட்ல யாரு இப்படிச் சொல்வாங்கன்னு நாங்க இங்க சிரிச்சோம்.”

பெரியவள் அழவில்லை. ஊசி விரலில் ஏறினால் உடனே வலிக்காது. முதலில் சில்லென்று இருக்கும். அப்படி இருந்தது. கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த மனுஷன் லிஃப்டுக்கு முன்னால் குனிந்து குனிந்து செருப்பைச் சரிசெய்து காத்திருந்த கூப்பாடு வந்திருக்கிறது. கடைக்கே வந்திருக்கிறது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் இருக்கிற போனுக்கு வந்திருக்கிறது.

டாக்டரம்மா இந்தத் தடவை ஒன்றையும் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. “நாணைத் தாண்டிடுச்சு. குருத்தெலும்பைத் தின்னுட்டு வெளிய வந்திருக்கு. குரல்பெட்டியை மொத்தமா எடுத்துடணும். மூச்சு இனிமே கழுத்துல வைக்கிற துளை வழியாத்தான். அதுக்கு மேல கதிரும் வைக்கணும். உயிரைக் காப்பாத்த முடியும்னு நம்பறோம். குரலைக் காப்பாத்த முடியாது.”

பெரியவர் முகம் சுளிக்கவில்லை. குறை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

“எப்ப?” என்றார், கிழிந்துபோன அந்தக் குரலில். அவர் வாழ்க்கையில் முதல் விலைக்கே வாங்கியது அது ஒன்றுதான்.

நர்ஸ் சொன்னதைப் பெரியவள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் ஆபரேஷன் அறைக்குப் போக மாட்டார், கடைக்குப் போவார். அதனால் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, துணிமணிகளை எடுத்துப் பையில் அடுக்கினாள். மயக்க மருந்துக்கு முன்னால் அவர் அவளைப் பார்த்து, “போறேன்,” என்றார். அவர் சொந்தத் தொண்டையால் பேசிய கடைசிச் சொல் அது. இதையும் அவள் சின்னவர் பேரில் எழுதிக்கொண்டாள், மனசுக்குள்.

ஆஸ்பத்திரியில் சின்னவர் தினமும் வந்தார். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகாமல் மூக்குக் குழாயில் கஞ்சி இறங்கிக்கொண்டிருந்தவருக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெயிலைப் பற்றி, நூல் விலையைப் பற்றி, லிஃப்ட் மெதுவாக ஏறுவதைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார். கழுத்துத் துளையிலிருந்து சளி கொதிக்கிற சத்தம் வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்.

“பேசுங்க தம்பி,” என்பாள் பெரியவள். “உங்க பேச்சக் கேட்டாத்தான் அவருக்குப் பொழுது போகுது.”

கதிர் வைத்தியத்துக்கு முகத்தின்மேல் சுடச்சுட வலையை அழுத்தி ஒரு முகமூடி செய்தார்கள். தினமும் அதை மாட்டி, மேஜையோடு சேர்த்துப் பூட்டி, அசையாமல் கிடக்க வைத்தார்கள். நாக்கில் ருசி செத்தது, கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. எல்லாம் முடிந்து வீட்டோடு இருந்த ஒரு காலையில், துளைக்குள் இருக்கும் குழாயை எடுத்துக் கழுவிக்கொண்டே பெரியவள் சொன்னாள். போன் வந்ததை, எடுத்தது யார் என்பதை, ‘சந்தோஷம்’ உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு தன் திட்டத்தையும் சொன்னாள். சின்னவர் வீட்டு வாசலில் போய் நிற்பாள். தெரு கூடுகிற வரைக்கும் கத்துவாள். அதற்கப்புறம் அந்த ஆள் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

பெரியவர் குழாயை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். பேச்சுக்குப் பதிலாக வைத்திருந்த சிலேட்டை எடுத்து ஒரு வரி எழுதினார்.

‘அவன் வாயால சொல்லணும்.’

“அது சொல்லுமா? ஒலகத்துல இருக்கற மத்த எல்லாத்தையும் சொல்லும்.”

அவர் சிலேட்டைத் துடைத்துவிட்டு உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தார். வெகு நாளைக்குப் பிறகு அந்தக் கண்ணில் வியாபாரம் தெரிந்தது.

அந்த வாரமே சின்னவள் சூப் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அக்காவும் தங்கையும் சமையலறையில் நின்றார்கள்.

“அக்கா, அவர் வந்தா நீ மூஞ்சியே குடுக்க மாட்டேங்கற. நான் என்னடி பண்ணினேன்னு எங்கிட்ட வந்து கேக்கறார்.”

“என்ன பண்ணினாராம்? நீ கேட்டியா?”

“கேக்கல.”

“ஏன்?”

சின்னவள் கரண்டியைக் கழுவினாள். கழுவின கரண்டியையே திரும்பவும் கழுவினாள். “அவர் தூங்கறதே இல்லக்கா. போன் அடிச்சா நடுங்கறார். என்னங்கன்னா சந்தோஷம்ங்கறார். ஏதோ இருக்கு, எனக்குத் தெரியும். என்னன்னு தெரிஞ்சுக்க வேணாம்னு இருக்கேன். தெரிஞ்சா அந்த மனுஷனோட நான் எப்படிக் குடும்பம் நடத்தறது?”

“அப்ப தெரிஞ்சுக்காத.”

“கடைய விட்டுத் தொரத்திடாதீங்கக்கா. வேற ஒரு எழவும் தெரியாது அவருக்கு.”

“ஒன் வீட்டு அடுப்புல நான் தண்ணி ஊத்த மாட்டேன்,” என்றாள் பெரியவள். “ஆனா அந்த வாய்க்கு ஒரு வேலை வெச்சிருக்கோம். அத நீ தடுக்காத.”

சின்னவள் சூப்பை ஊற்றினாள். “அத்தானுக்கு உப்பு தெரியுதா?”

“தெரியாது. போடு. தெரியற மாதிரி குடிப்பார்.”

ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சின்னதாக ஒரு வால்வு வைத்துவிட்டார்கள். கழுத்துத் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மூச்சை விட்டால் காற்று அந்த வழியாக ஏறி வாய்க்கு வரும், குரல் மாதிரி ஒன்று வரும் என்றாள் குரல் பயிற்சி கொடுக்கிறவள். வாரம் தவறாமல் அவளிடம் போனார்கள். ‘ஆ’ சொல்லச் சொன்னாள், வெறும் காற்று வந்தது. வீட்டம்மா பேரைச் சொல்லச் சொன்னாள். பெரியவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்போதும் காற்றுதான்.

“வால்வு நல்லாத்தாம்மா இருக்கு,” என்றாள் அவள், தனியாகக் கூப்பிட்டு. “அவர் எப்ப பேசணும்னு நெனைக்கிறாரோ அப்பத்தான் பேசுவார்.”

வீட்டில் அவர் குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அழுகிறார் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். கதவைத் தட்டவில்லை.

மறு சீசனுக்கு முதல் மூட்டைகள் வந்து இறங்கிய காலையில் பெரியவர் கடைக்குக் கிளம்பினார். துளை தெரியாமல் இருக்கவும் தூசி போகாமல் இருக்கவும் பெரியவள் கழுத்துக்கு ஒரு மெல்லிய துணி தைத்திருந்தாள். முன்னால் ஒரேயொரு கொம்புப் பொத்தான், மேல் வரிசைச் சரக்கு. ஏணிக்காரர் அவரைக் கண்டதும் இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சின்னவர் கல்லா நாற்காலியிலிருந்து எழுந்தார். பெரியவர் உட்கார்ந்தார். பெரியவள் தன் மூலைக்குப் போய் ஊசியில் நூல் கோத்தாள்.

“வாங்கண்ணே, வாங்க. நல்ல நாள்லதான் வந்திருக்கீங்க,” என்று சின்னவர் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார். “நானே வீட்டுக்கு வந்து பேசணும்னு இருந்தேன். நீங்க இனிமே சிரமப்படக் கூடாது. கடைல தூசி. வர்றவங்களோட பேசணும், கூவணும். அதுக்கு நான் இருக்கேன். நீங்க வீட்ல இருங்க. உங்க பங்கு வீடு தேடி வரும். என்ன சொல்றீங்க?”

பெரியவர் மேஜையிலிருந்த ஒரு பொத்தானை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். சின்னவரையே பார்த்தார்.

“சரி, வீட்ல இருந்தா பொழுது போகாதுதான். புரியுது. பின்னால ரூம்ல ஒரு நாற்காலி போட்டுடறேன். சரக்கு வந்தா பாத்துச் சொல்லுங்க. ஃபேன் மாட்டிடறேன்.”

பொத்தான் உருண்டது. தெருவில் ஒரு தள்ளுவண்டி போனது. அது போய் முடிகிற வரைக்கும் சின்னவர் தாங்கினார்.

“ஏன்ணே அப்படிப் பாக்கறீங்க? நாற்காலி முன்னாலயே இருக்கட்டும், அதுக்கென்ன. நீங்கதான் கடை. போர்டுல உங்க பேரை மட்டும் போட்டுக்கலாம். என் பேரு எதுக்கு? அண்ணி, நீங்களாவது சொல்லுங்களேன்.”

பெரியவள் நூலின் நுனியைப் பல்லால் கடித்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இத்தனை ருசியான காரியம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

சின்னவர் எழுந்தார், உட்கார்ந்தார். போனைத் தூக்கி மேஜையின் அந்தப் பக்கம் வைத்தார். வைத்த கையைப் பெரியவர் பார்த்தார். அதன் பிறகு பார்வையைப் போனிலிருந்து எடுக்கவே இல்லை.

“அது வந்து...” என்றார் சின்னவர். நெற்றியைத் துடைத்தார். “ஏணிக்காரரே, வெளிய போய் டீ குடிச்சிட்டு வாங்க.”

பெரியவர் கையை நீட்டி ஏணிக்காரரை நிற்கச் சொன்னார்.

“அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு.” குரல் ஒரேயடியாகச் சரிந்தது. “சீசன் முடியட்டும்னுதான் நெனச்சேன். அந்தப் பொண்ணு கூப்பிட்டுச்சு, உடனே வரச் சொல்லுங்கன்னுச்சு. நீங்க குடோனுக்குப் போயிருந்தீங்க. சொன்னா போயிடுவீங்க, ஆறு வாரம் நான் ஒத்தையா... அது மட்டும் இல்ல. ஒரு சீசன், ஒரே ஒரு சீசன் நானே நடத்திப் பாக்கணும்னு ஆசை. ஏணிக்காரர் என் குரலுக்குத் திரும்பணும்னு. முடிஞ்சதும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ரெண்டாவது தடவை கூப்பிட்டப்ப, இத்தன நாள் கழிச்சு எப்படிச் சொல்றதுன்னு ஆயிடுச்சு. அதுக்கப்பறம் ஒவ்வொரு நாளும் அப்படியே ஆயிடுச்சு. போன எடுத்தது நான்தான். வேற எடத்துல பாக்கறார்னு சொன்னது நான்தான்.”

பெரியவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். இந்த வார்த்தைகளுக்காக எத்தனை இரவு விழித்துக் கிடந்திருப்பாள். வந்துவிட்டன. ஏணிக்காரரும் கேட்டுவிட்டார். ஆனாலும் பசி அடங்கின மாதிரி இல்லை.

“மன்னிச்சிருங்கண்ணே,” என்றார் சின்னவர். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். “கடை முழுசும் உங்களுக்கே. எனக்கு ஒண்ணும் வேணாம். நான் இப்பவே போயிடறேன். இந்தத் தெருப்பக்கமே வர மாட்டேன். இதோட விட்டுடுங்க.”

பெரியவர் பொத்தானைக் கீழே வைத்தார். கழுத்துத் துணியில் இருந்த கொம்புப் பொத்தானைக் கழற்றினார். கட்டைவிரலைத் துளைமேல் அழுத்தி மூச்சை நிறுத்தினார். பிறகு எங்கோ ஆழத்திலிருந்து, தண்ணீர் இல்லாத குழாயில் காற்று ஏறுகிற மாதிரி, ஆனால் எழுத்துக்கு எழுத்து தெளிவாக வந்தது அது.

“கட்டாது.”

ஏணியில் சாய்ந்திருந்த ஏணிக்காரர் நிமிர்ந்துவிட்டார். பெரியவளுக்குக் குளியலறைக் குழாய் ஞாபகம் வந்தது. அத்தனை நாளும் அவர் அங்கே தீட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். முதல் சொல் தன் பேராக இருக்கும் என்று புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் கை ஒரு கணம் மறுபடியும் தலைப்பைத் தேடியது. அடுத்த கணம், அந்த இடத்தில் தான் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று தோன்றியது.

“கட்டாதுன்னா?” என்றார் சின்னவர். “போகக் கூடாதா? அப்ப என்னதாண்ணே பண்ணணும்?”

பெரியவர் சாவிக்கொத்தை அவர் பக்கமே தள்ளினார். காலால் அந்த ஸ்டூலை இழுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில், போனுக்கு அருகில் ஒட்டிப் போட்டார். அதை இரண்டு தட்டுத் தட்டினார். சின்னவர் உட்கார்ந்தார்.

பொழுது ஏறியதும் முதல் ஆளாகத் தெருக்கோடித் தையல்காரர் உள்ளே வந்தார். சீருடைத் துணி மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தவர், கழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்னண்ணே இது? முன்னெல்லாம் நீங்க கூவினீங்கன்னா என் கடைக்குக் கேக்குமே. என்ன ஆச்சு உங்களுக்கு?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. கட்டைவிரல் துளைக்குப் போகவும் இல்லை. நிதானமாகத் தலையைத் திருப்பிப் பக்கத்து ஸ்டூலைப் பார்த்தார். தையல்காரரும் அந்தப் பக்கம் திரும்பினார். ஏணிக்காரர் திரும்பினார். பெரியவள் ஊசியை நிறுத்தினாள்.

சின்னவர் எதிர்க் கடையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். யாரும் எதுவும் பேசவில்லை. அவரால் எந்தக் காலத்திலும் அதைத் தாங்க முடிந்ததில்லை.

“தொண்டையில கட்டிங்க,” என்று ஆரம்பித்தார். “ஆரம்பத்துலயே ஆஸ்பத்திரியில கண்டுபிடிச்சிட்டாங்க. வரச் சொல்லிப் போன் பண்ணினாங்க. அதை எடுத்தது...”

தையல்காரர் கையிலிருந்த துணி மெதுவாகக் கீழே இறங்கியது. சின்னவர் சொல்லி முடித்தார். முடிவில் வழக்கமாக வருகிற சொல் மட்டும் வரவில்லை. பெரியவர் தையல்காரரின் துணியை வாங்கி, அதற்குப் பொருத்தமான நீலத்தைச் சுவரில் தேடி, ஏணிக்காரருக்கு விரலால் காட்டினார்.

பெரியவள் வாசலை எட்டிப் பார்த்தாள். சீருடைத் துணிப் பைகளோடு இன்னும் மூன்று பேர் படியேறிக்கொண்டிருந்தார்கள். சீசன் அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது.